நாயகன் இருக்கையில்தான் இருக்கிறார்

பேருரு என்ற எந்திர மனிதனின் இடது முழங்காலில் மட்டும் நூற்றுப் பதினாறு திருகாணிகள். அவற்றை வரைவதற்கென்றே கார்ட்டூன் நிறுவனத்தின் இரண்டாவது மாடியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு திருகாணி இடம் மாறினாலும் பொம்மைக் கம்பெனியிலிருந்து போன் வந்துவிடும். அந்தப் பேருருவின் நெஞ்சுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிற பையனை வரைய ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். அவளுக்கும் வாரத்தில் இரண்டு நாள்தான் அந்த வேலை. மற்ற நாட்களில் முழங்காலுக்கு உதவப் போய்விடுவாள்.

கதாசிரியருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைக்காட்சியில் வரப்போகிற அந்தத் தொடருக்குக் கதை வசனம் அவர்தான். எந்திரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உள்ளே இருக்கிறவனுக்கு ஒரு ஆசையும் ஒரு பயமும் இல்லாவிட்டால் அது வெறும் மண் தோண்டும் வண்டிதான் என்பது அவர் கட்சி. இந்தக் கட்சியைப் பல இடங்களில் உரக்கப் பேசியிருக்கிறார்: குளியலறையில், பஸ்ஸில், மனைவியிடம். ஆபீஸில் மட்டும் பேசியதில்லை. அவர் சுபாவம் அப்படி. யாராவது ஒரு தாளை நீட்டினால் கை தானாகப் பேனாவைத் தேடும்.

இந்தத் தொடரில் அவருக்கு வீட்டுக் கவலை ஒன்றும் இருந்தது. நாயகனுக்குக் குரல் கொடுக்கப்போவது அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. பத்திரப் பதிவு அலுவலகத்தில் நிலையான வேலையில் இருந்தவன், குரல் நடிகனாகப் போகிறேன் என்று ஒரு நாள் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்து நின்றான். அவனுடைய அம்மா லேசுப்பட்டவள் இல்லை. "நாலு பேர் கேக்குற மாதிரி முழுசா ஒரு வாக்கியம் பேசிக் காட்டு. அப்புறம் என் கண்ணு முன்னாடி வா" என்றாள். "பேசிட்டே வரேன்" என்று அவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அது நடந்து ஆறு வருஷம். வீம்பில் தாயும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. நடுவில் அம்மாவுக்குக் கண் பார்வை போய்விட்டது. மகள் வீட்டில், அதாவது கதாசிரியர் வீட்டில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் காதால் உலகத்தை வேவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகனுக்கு நாயகன் வேஷம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது, "என்னிக்கு வருது?" என்று மட்டும் கேட்டாள். அன்று சாயங்காலமே நாற்காலியை டிவி பக்கத்தில் போடச் சொன்னாள்.

ஆக, கதாசிரியர் செய்ய வேண்டியது ஒன்றுதான். பையன் வாயில் ஒரு முழு வாக்கியத்தை வைக்க வேண்டும். வாக்கியம் வந்தால் பிள்ளை வீட்டுக்கு வருவான். எழுதிப் பிழைக்கிறவருக்கு இது ஒரு காரியமா?

பெரிய காரியம்தான் என்று நாயகப் பாதுகாப்புக் குழு அவருக்குப் புரியவைத்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் இதற்கு முன் லிஃப்டுகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் துறையில் இருந்தவர். அடுத்தவர் பொம்மைக் கம்பெனி அனுப்பிய ஆள். பொம்மைக்காரர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். மூன்றாவது, பெற்றோர் பிரதிநிதி அம்மாள். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. அதனால் பாரபட்சம் இல்லாமல் இருப்பார் என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மேஜையில் தட்டினால் 'டிங்' என்கிற ஒரு மணி இருந்தது. முறை இதுதான்: குழுவின் எழுத்தர் வசனத்தை ஏற்ற இறக்கம் இல்லாமல் படிப்பார். கேட்கும்போது யாருக்காவது மனசில் ஏதாவது தோன்றினால் உடனே மணியைத் தட்ட வேண்டும். தட்டிய வரி அடிக்கப்படும். ஒன்றும் தோன்றாத வரிக்கு முத்திரை விழும். என்றைக்கோ ஏதோ ஒரு தொடரைப் பார்த்து ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை விடாமல் அழுததாம். அதிலிருந்து இந்த ஏற்பாடு.

முதல் கூட்டத்தில் முதல் வாரக் கதை வந்தது. நகரம் இடிந்து விழுகிறது. இடிபாட்டில் அக்காவைத் தொலைத்த பையன், யாரும் ஏறத் துணியாத பேருருவில் ஏறுகிறான். எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"அக்கா கையைக் கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன். ஆனா நான்தான் விட்டுட்டேன்."

டிங். டிங். டிங்.

மூன்று மணியும் ஒரே நேரத்தில் அடித்தது அதுவே முதல் தடவை என்று எழுத்தர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்தபடி. "எனக்கே தொண்டையை அடைச்சிடுச்சு. அதனாலதான் அடிச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"அக்கா எதுக்குங்க?" என்றார் பொம்மைக்காரர். "நாயகன்ங்கிறது ஒரு காலி இருக்கை. எந்தக் குழந்தையும் வந்து அதுல உக்காரணும். அங்க நீங்க ஒரு ஆளை உக்கார வெச்சிட்டா, குழந்தை எங்க உக்காரும்? அக்கா இல்லாத குழந்தை என்ன பண்ணும்?"

அக்கா போனாள். பையனின் பெயரும் போனது; அந்தப் பெயர் இல்லாத குழந்தைகளின் மனசு நோகும். அவன் இனி வெறும் நாயகன். இரண்டாவது கூட்டத்தில் பயம் போனது. உள்ளே இருப்பவன் பயந்தால் பேருரு பாதுகாப்பற்றது என்று ஆகிவிடும். மூன்றாவதில் தைரியம் போனது. பார்க்கிற பிள்ளைகள் மாடியிலிருந்து குதித்துவிடுவார்கள். கோபம் போனது. பசி போனது. அவன் ஒரு முறை கொட்டாவி விட்டான், பெற்றோர் பிரதிநிதி அம்மாளுக்கும் கொட்டாவி வந்தது, டிங்.

"அப்ப எதுக்காக அவன் எந்திரத்துல ஏறுறான் சார்?" என்று கதாசிரியர் ஒரே ஒரு தடவை கேட்டார். கேட்டதும் அவருக்கே வியர்த்துவிட்டது.

தலைவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுப் பரிவோடு பேசினார். "தம்பி, நான் முப்பத்திரெண்டு வருஷம் லிஃப்ட் துறையில இருந்தவன். என் காலத்துல ஒரு லிஃப்ட் கூட விழுந்ததில்ல. ஏன்னு கேளுங்க. சந்தேகம் வந்த எந்த லிஃப்டையும் நான் ஓடவே விடல. கடைசில நகரத்துல மூணே மூணு லிஃப்ட்தான் ஓடுச்சு. ஜனங்க படியேறிப் போனாங்க. சில பேர் படியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு செத்தாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா படிக்கட்டு வேற துறை. எனக்குப் பதக்கம் குடுத்தாங்க. நாயகன் எதுக்கு ஏறுறான்னு கேக்குறீங்க. எதுக்கும் ஏற வேணாம். ஏற்கெனவே ஏறி உக்காந்திருக்கட்டும்."

கதாசிரியர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மிச்சப்பட்ட வசனம் 'ம்' ஒன்றுதான். ஒலிப்பதிவு செய்கிறவர் கெட்டிக்காரர். மைத்துனனை ஒரே நாள் உட்கார வைத்து நாற்பது விதமான 'ம்' எடுத்துக்கொண்டார்: சம்மத 'ம்', யோசனை 'ம்', எதிரி வருகிறான் 'ம்'. குழு நாற்பதில் முப்பத்தேழை மணியடித்துத் தள்ளியது. மூன்று தேறின.

"அத்தான், வாக்கியம்?" என்றான் மைத்துனன் ஒலிப்பதிவு அறை வாசலில்.

"அடுத்த வாரம் பார்க்கலாம் தம்பி. மேல பேசிட்டிருக்கேன்."

பச்சைப் பொய்.

முதல் சனிக்கிழமை மாமியார் குளித்து, தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். இருபது நிமிஷம் இரும்போடு இரும்பு மோதிக்கொண்டது. கடைசியில் ஒரு 'ம்' வந்தது.

"அவன்தான்" என்றாள்.

"ஒரு எழுத்தை வெச்சா கண்டுபிடிச்ச?" என்றாள் மகள்.

"பெத்தவளுக்கு ஒரு எழுத்து போதும். ஆனா பந்தயம் வாக்கியத்துக்கு. வரட்டும், பொறுத்துப் பார்ப்போம்."

மூன்று 'ம்'மை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் மைத்துனன் இனி வரவேண்டியதில்லை என்று ஆனது. அவன் போகவில்லை. ஒலிப்பதிவுக்காரர் கையைப் பிடித்துக் கெஞ்சினான். "மூச்சாவது விடறேண்ணே. ஹெல்மெட்டுக்குள்ள ஒருத்தன் மூச்சு விடமாட்டானா?" ஒலிப்பதிவுக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மூச்சு வசனத்தில் சேராது, படிக்க முடியாது, ஆகவே குழுவுக்குப் போகாது. "சரி, வந்து விட்டுட்டுப் போ" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் மைத்துனன் வந்து மைக் முன்னால் நின்று படத்தைப் பார்த்தபடி மூச்சு விட்டான். எதிரி நெருங்கும்போது ஒரு மூச்சு. அடி விழும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மூச்சு. இடிந்த தெருவைப் பேருரு கடக்கிற இடத்தில் அவன் விட்ட மூச்சைக் கேட்டுக் கதாசிரியர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டார். குழு கதையிலிருந்து நீக்கிய அக்கா அதில் இருந்தாள். தான் எழுதிய தொடரில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிந்தது.

மாமியாருக்கும் தெரிந்தது. "இன்னிக்கு அவனுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றாள் ஒரு சனிக்கிழமை. "ஈரத் தலையோட வெளிய போயிருப்பான். சொன்னா கேக்கற ஜென்மமா அது." கதாசிரியர் மறுநாள் விசாரித்தார். மைத்துனன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினான்.

தாயும் பிள்ளையும் ஆறு வருஷம் கழித்துப் பேசிக்கொள்ள ஆரம்பித்தது அப்படித்தான். வாரத்துக்கு ஒரு முறை, ஒரு பக்கம் மட்டும், வார்த்தை இல்லாமல்.

பதினோராவது வாரம் பார்வையாளர் எண்ணிக்கை பாதியானது. பேருரு பொம்மைகள் பெட்டி பிரிக்காமல் கிடங்கில் கிடந்தன. இரண்டாவது மாடியில் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். காரணம் கண்டுபிடிக்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளிடம் 'நாயகனை வரைக' என்று தாள் கொடுத்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் பேருருவை வரைந்தார்கள். உள்ளே இருக்கிற ஆளை வரையச் சொன்னபோது, "உள்ள ஆள் இருக்கா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

கதாசிரியருக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை பிறந்தது. இப்போதாவது புரியும் என்று கூட்டத்துக்கு ஓடினார்.

"நோய் என்னன்னு பிடிச்சாச்சு" என்றார் தலைவர். "நாயகன்தான் காரணம்."

"அதேதான் சார்!" என்றார் கதாசிரியர்.

"இவ்வளவு குறைச்சும் அவர் இன்னும் எங்கேயோ துருத்திக்கிட்டிருக்கார். எங்கேன்னு பார்த்து எடுத்துடணும்."

அதற்காகக் குழு முதல் தடவையாகத் தொடரைப் போட்டுப் பார்த்தது. அதுவரை எழுத்தர் படித்ததையும் அந்த 'ம்'களையும் காதால் கேட்டதோடு சரி. திரையில் பேருரு இடிந்த தெருவைக் கடந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மூச்சு வந்தது. பெற்றோர் பிரதிநிதி அம்மாளின் கை மணியை நோக்கிப் போனது, நின்றது, பிறகு மெதுவாகத் தட்டியது.

"எனக்கு ஏதோ மாதிரி இருந்தது" என்றார். "உள்ள யாரோ நிஜமாவே இருக்காங்களோன்னு..." கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"எங்களுக்கும் அது தொல்லைதான்" என்றார் பொம்மைக்காரர். "ஆள் இப்படி மூச்சு வாங்கினா, எங்க பொம்மைக்குள்ள காத்தோட்டம் இல்லேன்னு அர்த்தம் ஆகும்."

தலைவர் ஒரு தாளை நீட்டினார். 'பொருள்: நாயகனின் சுவாசம் – விலக்குதல்.' கீழே கதாசிரியர் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதிகபட்சம் இவரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது உண்மை. அதை மென்று விழுங்கிவிட்டு, "பேனா இருக்குங்களா?" என்றார்.

விஷயத்தைக் கேட்டு மைத்துனன் சண்டை போடவில்லை. அதுதான் கதாசிரியரைக் கொன்றது. "விடுங்க அத்தான், உங்களால என்ன பண்ண முடியும்?" என்றான். "துறைமுகத்துல ஒரு வேலை சொல்லியிருக்காங்க. சரக்கு ஏத்தற இடத்துல நின்னு கத்தணுமாம். கீழே நிக்கறவன் மேல பெட்டி விழுந்துடாம கத்தறதுக்கு நல்ல குரல் வேணுமாம். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. கொஞ்ச நாள்ல தானா மறந்துடுவாங்க." சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டான்.

அந்தச் சனிக்கிழமை மாமியார் தொடர் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் காதைத் திரைப் பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "மாப்பிள்ளை, பேப்பர் பேனா எடுத்துட்டு வாங்க. அந்த ஆபீஸுக்கு ஒரு கடுதாசி போடணும்" என்றாள்.

எந்த ஆபீஸ் என்று கதாசிரியர் கேட்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதினார்:

"ஐயா, வணக்கம். எனக்குக் கண் தெரியாது. சனிக்கிழமை பத்து மணிக்கு உங்க தொடரைக் காதால கேக்கறவ நான். அந்தப் பெரிய எந்திரத்துக்குள்ள ஒரு பையன் இருந்தான். ரெண்டு வாரமா அவன் மூச்சுச் சத்தம் கேக்கல. எந்திரம் மட்டும் நடக்குது. வெளிய இருக்கறவங்களுக்கு இது தெரியலேன்னு நினைக்கிறேன். யாராவது திறந்து பாருங்க. இப்படிக்கு, ஒரு தாய்."

அடுத்த கூட்டத்தில் கதாசிரியர் தன் வாழ்நாளில் செய்யாத துணிச்சல் ஒன்றைச் செய்தார். "சார், ஒரு புகார் வந்திருக்கு" என்று அந்தக் கடிதத்தை மேஜையில் வைத்தார்.

"மூச்சை நீக்கின இந்த ரெண்டு வாரத்துல ஒரு புகாரும் இல்லேன்னு இப்பத்தான் அறிக்கை எழுதினோம்" என்று தலைவர் கடிதத்தை வாங்கினார். "கையெழுத்து உங்களுது மாதிரி இருக்கே?"

"எல்லாரும் இப்ப ஒரே மாதிரிதான் சார் எழுதறாங்க."

துணிச்சல் அவ்வளவுதான். எழுத்தர் கடிதத்தை வழக்கம்போல் ஏற்ற இறக்கம் இல்லாமல் படிக்கத் தொடங்கினார். 'ஐயா, வணக்கம்' வரை அறை அமைதியாக இருந்தது. 'எனக்குக் கண் தெரியாது': டிங். 'காதால கேக்கறவ நான்': டிங், டிங். 'மூச்சுச் சத்தம் கேக்கல' என்ற இடத்தில் மூன்று மணியும் அடித்தன. 'யாராவது திறந்து பாருங்க' என்றதும் பொம்மைக்காரர் மணியைத் தட்டிக்கொண்டே இருந்தார். தலைவர் அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. எழுத்தருக்கு மணி கிடையாது. அவர் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விதி விதிதான். மனசில் ஏதாவது தோன்றிய வரிகள் எல்லாம் அடிக்கப்பட்டன. 'ஒரு தாய்' என்பதும் போனது. மிஞ்சியதைத் தலைவர் படித்துப் பார்த்தார்: "ஐயா, வணக்கம். இப்படிக்கு."

"ரொம்ப மரியாதையான கடிதம்" என்றார். "புகார்னு சொல்லிட்டீங்களே. பார்வையாளர் ஒருத்தர் வணக்கம் சொல்லியிருக்காங்க. பதில் போடறது நம்ம கடமை. நீங்களே எழுதிடுங்க, உங்களுக்கு நல்லா வரும்." பிறகு ஞாபகம் வந்தவராக எழுந்து கை குலுக்கினார். "தொடரை இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சாச்சு. உங்களை நாயகன் பிரிவுக்குத் தலைவராப் போட்டிருக்கு."

அந்தப் பதிலை எழுத அவருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று பேரும் கேட்டார்கள். ஒரு மணியும் அடிக்கவில்லை.

தபால் வந்த அன்று மனைவி கடைக்குப் போயிருந்தாள். மாமியார் உறையைத் தடவிப் பார்த்துவிட்டு மருமகனிடம் நீட்டினாள். "படிங்க மாப்பிள்ளை."

கதாசிரியர் படித்தார். "அன்புடையீர், தங்கள் வணக்கம் கிடைக்கப் பெற்றது. நன்றி. நாயகன் இருக்கையில்தான் இருக்கிறார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். அவரது நலன் உரிய முறையில் கவனிக்கப்பட்டு வருகிறது. தொடர்ந்து தங்கள் மேலான ஆதரவை வேண்டுகிறோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தை."

அவள் கையை நீட்டினாள். கடிதத்தை வாங்கி மடியில் வைத்து, எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். படிக்க முடியாது என்று தெரிந்தும் ஓட்டினாள்.

"பையன் போயிட்டான்" என்றாள். "எங்கேன்னு நான் கேக்கல. அவன் எங்க இருந்தாலும் மூச்சு விடுவான், என் பிள்ளை. எனக்கு இதை எழுதினவரை நினைச்சாத்தான் கவலையா இருக்கு. இவ்வளவு எழுதியிருக்காரே, இதுல எங்கயாவது மூச்சு இருக்கா? யாராவது அந்த மனுஷனைத் திறந்து பார்த்தா தேவல."

கதாசிரியர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் அத்தை எழுதினேன்" என்றார். "ரெண்டு கடிதத்தையும்."

"தெரியும் மாப்பிள்ளை" என்றாள் அவள். "தெரிஞ்சுதான் சொல்றேன்."